வெட்டாற்றில் ஒரு கயிறு: டெல்டாவின் ஆற்றுப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கு வணக்கம்.

நான் வெட்டாற்றங்கரையில் பத்து மா நிலம் வைத்திருக்கும் விவசாயி. கங்களாஞ்சேரிப் பாலத்துக்குக் கிழக்கே, நாகூருக்கு மேற்கே, இடையில் எங்கோ என் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவில்லை என்று உங்களுக்கு மனு எழுதியிருக்கிறேன். தண்ணீர் வடியவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். ஒரே வருடத்தில் இரண்டையும் எழுதிய வருடங்கள் உண்டு. டெல்டாக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. இந்த மடல் அந்த இரண்டிலும் சேராது. மீனுக்காக எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே படித்தாலும் சரி, படித்தால் போதும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கைபேசியில் கூப்பிட்டான். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கேமராவைத் திருப்பினான். ஒரு சிற்றாறு. அகலம் நம் வெட்டாற்றில் பாதிதான் இருக்கும். தண்ணீர் டிகாஷன் நிறத்தில் ஓடுகிறது. மேலே மலையில் மக்கிப்போன கரிமண்ணில் ஊறி வருவதால் அந்த நிறமாம். குறுக்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய கல் தடுப்பு. அதன் அடியிலிருந்து கை நீளத்துக்கு ஒரு மீன் எகிறியது. கல்லில் மோதி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எகிறியது. மடை பார்க்கப் போக வேண்டியவன், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதுதான் சால்மன். ஆற்றின் மேட்டுப் பக்கத்தில், கூழாங்கல் படுகையில் பொரிக்கிறது. சில வருடம் ஆற்றிலேயே வளர்ந்து கடலுக்குப் போகிறது. உடம்பு பெருத்ததும் முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. தன் ஆற்றுத் தண்ணீரின் வாசனையை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது என்கிறார்கள். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு இரைகூட எடுப்பதில்லை. கடலில் சேர்த்து வைத்த கொழுப்பிலேயே மேடேறி விடுகிறது.

"நம்ம ஆத்துல இப்படி மீன் ஏறுமா மாமா?" என்று கேட்டான். "ஏறாம என்னடா மாப்பிள்ளை, அரைக்கால் சட்டையோட மீன் பிடிக்கிற ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கிட்டு என் பின்னால ஓடி வந்தியே, மறந்துபோச்சா?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கடைசியாக அப்படி எப்போது ஏறிப் பார்த்தேன் என்று யோசித்தபோது வருடம் நினைவுக்கு வரவில்லை.

அவன் இன்னொன்றும் சொன்னான். அந்த நாட்டில் பல நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சட்டம் இருந்திருக்கிறது. மீன் பிடிக்க ஆற்றின் குறுக்கே அடைப்பு கட்டுகிறவர்கள் நடு ஆற்றை அடைக்கக் கூடாது. எவ்வளவு இடம் விட வேண்டும்? நன்றாகத் தின்று கொழுத்த மூன்று வயதுப் பன்றி ஒன்று, மூக்கோ வாலோ எந்தப் பக்கமும் முட்டாமல் திரும்பும் அளவுக்கு. அடிக்கோல் இல்லாதவனுக்கும் புரிகிற அளவு! அதுபோக வாரா வாரம் சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை அடைப்பில் வழி திறந்துவிட வேண்டும். ஞாயிறு சாமிக்கு என்று வைத்தார்களோ மீனுக்கு என்று வைத்தார்களோ, அந்த ஒரு நாளில் ஏறுகிற மீன் ஏறிவிடும்.

உங்களிடம் நான் பன்றி அளவெல்லாம் கேட்கப்போவதில்லை. ஒரு கயிறு அளவு கேட்கிறேன். அது என்ன கயிறு என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழி. வெண்ணாறு தஞ்சாவூர்ப் பக்கம் தென்பெரம்பூரில் மறுபடி பிரிகிறது. வெட்டாறு பிறப்பது அங்கேதான். எண்கண் முருகன் கோயிலை ஒட்டி, கங்களாஞ்சேரியைத் தாண்டி, நாகூரில் கடலைச் சேர்கிறது. ஊர் உலகத்தில் ஆறென்றால் ஓடைகள் கூடிக் கூடிப் பெருத்துக்கொண்டே போகும். நம் ஆறுகள் பிரிந்து பிரிந்து சிறுத்துக்கொண்டே போகும். கல்லணையில் கரை காணாமல் நிற்கும் தண்ணீர் எங்கள் மதகடிக்கு வரும்போது முழங்கால். வழி நெடுக ஒரு பாறை கிடையாது, ஒரு கூழாங்கல் கிடையாது. வண்டல், களி, மணல், அவ்வளவுதான்.

ஆனியில் இது பாசன ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் இதே ஆறு வடிகால். எங்கள் வயல் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கடலுக்கு ஓட வேண்டும். மாசியில் மணல் தெரியும். பங்குனி, சித்திரையில் நடு ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த நாட்களில் தண்ணீர் இருப்பது இரண்டே இடத்தில்: வளைவுகளிலும், ஷட்டர் வைத்துத் தண்ணீரை நிறுத்தித் திறந்துவிடும் இயக்கு அணைகளின் கீழ்ப்பக்கத்திலும் இருக்கும் மடுக்களில், அப்புறம் நாகூர்ப் பட்டினச்சேரிப் படகுகள் கட்டிக் கிடக்கும் முகத்துவாரத்துப் பக்கம். முகத்துவாரத்தில் இருப்பது கடல் தண்ணீர், வாயில் வைக்க முடியாது.

வெட்டிய ஆறு என்பதால் வெட்டாறு, பெயரே சொல்கிறது. சில வருடத்துக்கு முன் ஓர் இளம் பொறியாளரிடம் மதகடியில் வைத்து மீன் பேச்சை எடுத்தேன். "ஐயா, இது வெட்டின ஆறு, பெரிய வாய்க்கால் மாதிரிதான். இதுல என்ன மீன்வளம்?" என்றார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார். வெட்டியது நாம்தான் தம்பி, மீனுக்கு அது தெரியாதே என்று சொல்லியிருக்கலாம். அவர் ஜீப் ஏறிப் போன பிறகுதான் எனக்கு அது தோன்றியது. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் ஜீப் போன பிறகுதான் வரும்.

புதுத்தண்ணீர் வருகிற ராத்திரியை நீங்கள் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் சத்தம்தான் வரும், சருகை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். அப்புறம் நுரை, குப்பை, செத்த நண்டு. மணல் முதல் தண்ணீரைக் குடித்துவிடும். பின்னால் வருவது குடிக்க இடமில்லாமல் மேலே ஓடும். மடுவில் நாலு மாதம் அடைந்து கிடந்த மீன்களுக்கு அந்தத் தண்ணீர் பட்டதும் என்ன ஆகுமோ, எதிரேறத் தொடங்கிவிடும். கெண்டை, கெளுத்தி, ஆரால், தேளி, வாளை, விரால். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். நாற்றங்காலில் கால் வைத்தால் காலடியில் நெளியும். பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் செவுளை ஊன்றி ஊன்றி வரப்பையே தாண்டும். வயலின் வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில்தான் இதில் பாதி மீன்கள் முட்டையிடும். விரால் பார்ப்பு, அதாவது குஞ்சுகள், செம்மஞ்சளாகக் கூட்டமாக மேலே மிதக்க, தாய் மீன் அடியில் காவல் நிற்கும். ஊத்தா போடுகிற என் தாத்தாகூட பார்ப்போடு இருக்கும் விராலைக் குத்த மாட்டார். அது அவராக வைத்துக்கொண்ட விதி. (பூச்சிமருந்து வந்து வயலில் என்ன செய்தது என்பது தனிக் கதை. அதில் உங்களுக்குப் பங்கில்லை, எனக்கு உண்டு.)

இவை உள்ளூர் மீன்கள்; மடுவுக்கும் வயலுக்கும் நடுவே போய் வருகிறவை. இவற்றைவிடத் தூரம் போகிறவை உண்டு. விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் ஏசுகிற அதே விலாங்கு. "விலாங்கு சினையை எவனும் கண்டதில்லை" என்று தாத்தா சொல்வார். எத்தனை விலாங்கை அறுத்தாலும் வயிற்றில் முட்டை இருக்காது. சேற்றிலேயே உண்டாகிற மீன் என்று அவர் நம்பினார். உண்மை அதைவிட வேடிக்கை. அது முட்டையிடுவது கடலில். குஞ்சு ஒரு இலை மாதிரித் தட்டையாக நீரோட்டத்தில் மிதந்து, கரையை நெருங்கும்போது கண்ணாடிக் குச்சி மாதிரி ஆகி, ஆற்றின் நல்ல தண்ணீர் கடலில் கலக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து உள்ளே வருகிறது. ஆற்றிலும் குளத்திலும் பல வருடம் வளர்கிறது. ஒரு நாள் வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கி, முட்டையிட்டுச் செத்துப்போகிறது. சால்மனை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் விலாங்கு. என் மாப்பிள்ளை காட்டிய மீனைப் பார்க்கக் கரையில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நம்முடைய மீனை நாம் அம்மியில் மிளகு அரைத்து முடித்துவிட்டோம்.

கொடுவாயும் அந்த ஜாதிதான். முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் பிறந்து, குஞ்சுகள் ஆற்றுக்குள் வந்து வளர்ந்து, மறுபடி உப்புக்குத் திரும்பும். நீலக் கொடுக்கு வைத்த பெரிய ஆற்று இறால் இருக்கிறதே, சந்தையில் நீங்களும் விலை கேட்டு நகர்ந்திருப்பீர்கள், அதன் குஞ்சு உப்புக் கலந்த தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. அதனால் சினை இறால் கீழே இறங்கி வர வேண்டும், குஞ்சு மேலே ஏறிப் போக வேண்டும். மடவை கும்பலாக எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஏறும். இத்தனைக்கும் வாசல் ஒன்றுதான். அந்த வாசலின் சாவி உங்களிடம் இருக்கிறது.

அணைக்குக் கீழே மீன் தேங்குவது நம் காலத்துச் செய்தி இல்லை. கொள்ளிடத்தில் உல்லம் ஏறிய காலம் ஒன்று உண்டு. வங்காளிகள் இலிஷ் என்றும் கோதாவரிக்காரர்கள் புலசை என்றும் உயிரை விடுகிறார்களே, அதே மீன். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆறேறுகிற மீன். நமக்கு வாய்த்த சால்மன் என்றே சொல்லலாம். 1836-இல் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணை கட்டினார். நெல்லுக்கு அது வரம், மறுக்கவில்லை. 1870-களில் இந்திய ஆறுகளின் மீன்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதிய பிரான்சிஸ் டே, தென்னாட்டு அணைகளில் மீன் ஏறுவதற்கு வழி விட வேண்டும் என்று அப்போதே வாதாடினார். 1934-இல் மேட்டூர் அணை முடிந்து ஆற்று வெள்ளத்தின் போக்கே மாறிய பிறகு காவிரியில் உல்லம் அருகிப்போனது. என் பேத்திக்கு அந்தப் பெயரே தெரியாது.

சரி, இப்போது எங்கள் ஊர் இயக்கு அணைக்கு வருகிறேன். வெள்ளம் போகும் நாட்களில் நீங்கள் எல்லாக் கண்களிலும் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிடுகிறீர்கள். அப்போது பெரிய மீன் எப்படியாவது நீந்திப் போய்விடும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் ஷட்டர்ப் பலகை பாதி இறங்கியிருக்கும். அடியில் ஒரு சாண் சந்து விட்டால் தண்ணீர் பீறிட்டு வரும். மேலே எத்தனை அடி நிற்கிறதோ அதற்கேற்ற வேகம். அந்தக் கணக்கு உங்களுக்குப் பாடம். அந்த வேகத்தை எந்தக் கெண்டையும் எதிர்த்து நீந்தாது. அதனால்தான் "ஷட்டரைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்" என்று நான் எழுதவில்லை. அது மீனுக்கு உதவாது, என் கடைமடைப் பங்கும் போய்விடும்.

ஷட்டரைவிடப் பெரிய சிக்கல் தளம். எங்கள் அணையின் கீழ்ப்பக்கக் கான்கிரீட் தளம் கட்டும்போது ஆற்று மட்டத்தோடு சமமாகத்தான் இருந்தது. மணல் போனதாலும், வாரிக்கொண்டே வந்ததாலும் கீழே ஆறு தாழ்ந்துவிட்டது. இப்போது தளம் ஒரு முழத்துக்கு மேல் திண்ணை மாதிரி நிற்கிறது. தண்ணீர் அதிலிருந்து மெல்லிய பாய் மாதிரி வழிந்து விழுகிறது. ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தாலும் சிறு மீனால் அந்தத் திண்ணையில் ஏற முடியாது. புதுத்தண்ணீர் நாட்களில் அதன் அடியில் மீன் கொதிக்கும். ஊர்ப் பையன்கள் கொசுவலையோடு நிற்பார்கள், கொக்கும் மடையானும் வரிசையாக நிற்கும், நீர்க்காகம் வயிறு முட்டத் தின்றுவிட்டு இறக்கையை விரித்துக் காயும். பார்க்கிறவர்கள் "ஆஹா, ஆத்துல என்ன மீன்!" என்று மகிழ்வார்கள். மேலே போக வழியில்லாமல் நிற்கிற மீன் அது.

இதற்குத்தான் கயிறு. நியூசிலாந்தில் இதே மாதிரித் திண்ணையாக நிற்கும் குழாய்ப் பாலங்களிலும் தடுப்புகளிலும், சிப்பி வளர்க்கிறவர்கள் பயன்படுத்தும் சடை சடையான கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விரல் நீளக் குட்டி விலாங்கு ஈரக் கயிற்றின் நூல்களுக்குள் உடம்பை நெளித்து நெளித்து ஏறிவிடுகிறது. அதற்கு ஓடுகிற வெள்ளம் வேண்டாம், நனைந்த தும்பு போதும். நம்மிடம் சிப்பிக் கயிறு இல்லை. தென்னை நார் இருக்கிறது. கஜா புயல் 2018-இல் சாய்த்தது போக மிச்சம் நிற்கும் தென்னைகளே போதும். கை மொத்தத்தில் பிரி தளரத் திரித்த தேங்காய்நார் வடம், அணைக்கு மேலே ஒரு முனையைக் கட்டி, ஓரக் கண்ணின் வழியாகத் தளத்தில் கிடத்தி, கீழ் முனையை மடுவுக்குள் விட வேண்டும். நனைந்துகொண்டே இருக்க வேண்டுமே என்பீர்கள். சொட்டாத ஷட்டர் டெல்டாவில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். உங்கள் ஷட்டரின் ஒழுக்கை நன்மை என்று சொல்லி எழுதும் முதல் விவசாயி நானாகத்தான் இருப்பேன்.

உப்புத் தண்ணீர் ஏறாமல் இருக்கக் கட்டிய கடைமடை அணைக்கும் இது பொருந்தும். அதைத் திறக்கச் சொல்ல மாட்டேன். உப்பு ஏறினால் முதலில் கெடுவது என் நிலம். மழைக்காலத்தில் உட்பக்கம் நல்ல தண்ணீர் நிற்கும்போது பலகை மூடியிருந்தாலும் கயிறு வழியாக விலாங்குக் குட்டி ஏறலாம். மற்ற மீன்களுக்குக் கயிறு உதவாது. அவற்றுக்கு, ஒரே ஒரு கண்ணின் கீழே, திண்ணையிலிருந்து ஆற்று மட்டம் வரை கருங்கல்லைச் சரிவாகக் கொட்டிக் கொடுங்கள். கல்லுக்குக் கல் இடுக்கில் தண்ணீர் வேகம் குறையும். அந்த நிழலில் நின்று நின்று மீன் ஏறும். இரண்டு மூன்று டிராக்டர் கல் ஆகும். வெள்ளத்தில் உருளாத அளவுக் கல் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தூர்வாருவது பற்றியும் சொல்லியாக வேண்டும். தூர்வார வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு எங்கள் சம்பா எத்தனை முறை முழுகியிருக்கிறது. வாரிய வருடம் முழுகவில்லை. நன்றி. ஆனால் வாருவது எப்போது? தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று சித்திரை, வைகாசியில். அந்த இரண்டு மாதம்தான் ஆற்றின் உயிரெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும் காலம். விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலாமை மண்ணுக்குள் இருக்கும். நத்தை வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அந்த நத்தையை நம்பித்தான் நத்தைகுத்தி நாரை உதயமார்த்தாண்டபுரத்தில் கூடு கட்டுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் வைகாசியில் எங்கள் ஊர் வளைவில் பொக்லைன் இறங்கியது. அங்கே இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு மடு. எந்தக் கோடையிலும் வற்றி நாங்கள் பார்த்ததில்லை. மேட்டை வாரிய மண்ணைக் கரையில் போடுவதற்குப் பதில் மடுவில் தள்ளி ஆற்றை ஒரே மட்டமாக ஆக்கிவிட்டார்கள். மட்டக் கருவி வைத்திருந்தவர் "லெவல் கரெக்டா வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டார். அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். கொடுத்த வரைபடத்தில் மடு இல்லை. கரை மண்ணில் ஆமைகள் மல்லாந்து கிடந்தன. முடிந்ததைப் பையன்களும் நானும் பொறுக்கிக் கோயில் குளத்தில் விட்டோம். விராலை யாரும் குளத்தில் விடவில்லை, அதை நான் மறைக்கவில்லை.

அந்த மடுவில்தான் அதற்கு முந்தின தை மாதம் நீர்நாய்களைப் பார்த்தேன். விடியற்காலை, பனி இன்னும் விலகவில்லை. எதிர்ப் படுகையில் நாணலுக்குள்ளிருந்து நான்கு வந்தன, இரண்டு பெரிசு, இரண்டு குட்டி. தண்ணீரில் இறங்கியதும் மடுவை மூன்று பக்கம் வளைத்துக்கொண்டன, வலை போடுகிறவர்கள் மாதிரி. பெரிசு ஒன்று வாளையைக் கவ்விக்கொண்டு கரையேறித் தலையிலிருந்து கடித்தது. குட்டிகள் கத்திய கத்தலில் மீன்கொத்தி பறந்து போனது. சின்ன வயதில் பார்த்தது, நாற்பது வருடம் கழித்து மறுபடி பார்க்கிறேன். வலைக்காரர்களுக்கு அதைப் பிடிக்காது, வலையைக் கிழிக்கும். எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. மடு போன பிறகு அவை இந்தப் பக்கம் வரவில்லை.

நான் கேட்பது, அடுத்த வரைபடத்தில் மடுக்களைக் குறியுங்கள். வளைவில் ஒன்று, ஒவ்வோர் அணையின் கீழும் ஒன்று. அவற்றில் மண்ணைத் தள்ளாமல், பொக்லைன்காரர் ஒரு மணி நேரம் கூடுதலாக அங்கேயே அள்ளினால் மடு இன்னும் ஆழமாகும், உங்கள் மண் கணக்கும் கூடும். இரண்டு கரையையும் ஒரே கோடையில் வழிக்காமல், ஒரு வருடம் வடகரை, மறு வருடம் தென்கரை என்று செய்தால் நாணலும் அதில் குடியிருப்பவையும் இடம் மாற அவகாசம் கிடைக்கும்.

கோடையில் ஒரு முறை தண்ணீர் விட்டால் என்ன என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு என்றே 10 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு மாதா மாதம் வர வேண்டிய அட்டவணையில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு இரண்டரை டி.எம்.சி. என்று இருக்கும், கூட்டினால் அந்தப் பத்து. ஆனால் மேட்டூரில் டெல்டாவுக்கு ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு வருவது அணையில் சேர்கிறது. அப்படியே திறந்தாலும் காய்ந்த மணல் குடித்தது போக வெட்டாற்றின் கடைசிக்கு என்ன வந்து சேரும் என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். அதனால் அந்தப் பத்தை உங்களிடம் கேட்கவில்லை. அது சென்னையிலும் டெல்லியிலும் கேட்க வேண்டியது. உங்களிடம் கேட்பது உங்கள் கையில் இருப்பதை மட்டும். தண்ணீர் வராத நான்கு மாதத்துக்கு, மடு.

கயிற்றுக்கு மதிப்பீடு போட்டு, கோப்பு நகர்ந்து, ஒப்பந்தம் விட்டு வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் கயிறு என் செலவு. என் கொல்லையில் மட்டை ஊறிக்கொண்டிருக்கிறது, ஆடிக்குள் திரித்துவிடுவேன். அணையில் கட்டுவதற்கு உங்கள் அனுமதி மட்டும் வேண்டும். எழுத்தில் தர முடியாவிட்டால் ஷட்டர் இயக்கும் லஸ்கரிடம் வாயால் சொல்லிவிடுங்கள், அவருக்கு என் வீடு தெரியும். ஐப்பசியில் ஒரு ராத்திரி டார்ச்சோடு வாருங்கள். ஜீப்பைப் பாலத்திலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். வெளிச்சமும் சத்தமும் பட்டால் அவை ஏறாது.

இப்படிக்கு,
வெட்டாற்றங்கரை விவசாயி ஒருவன்